முதல் காரைத் தேடிப் பிடித்து மீட்பது எப்படி? ஆர்.சி. முதல் துரு வரை ஒரு வழிகாட்டி

2020-ல் ஒரு நேர்காணலில் சச்சின் டெண்டுல்கர் ஒரு கோரிக்கை வைத்தார். கிரிக்கெட்டில் சம்பாதிக்கத் தொடங்கியதும் அவர் வாங்கிய முதல் கார் மாருதி 800. அது இப்போது தன்னிடம் இல்லை, திரும்பக் கிடைத்தால் நன்றாக இருக்கும், தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளலாம் என்றார். எந்தக் காரையும் ஷோரூமில் போய் வாங்க முடிகிறவருக்கே, அந்த ஒரு பழைய 800-க்காக ஊரைக் கேட்க வேண்டியிருந்தது.

இதே கேள்வி நம்ம ஊரிலும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா கல்யாணத்துக்காகவோ காலேஜ் ஃபீஸுக்காகவோ அப்பா விற்ற மாருதி, அம்பாசடர், பத்மினி. அன்று பின்சீட்டில் உட்கார்ந்து போன பிள்ளை இன்று கை நிறையச் சம்பாதிக்கிறார். "அந்த வண்டி இப்ப எங்கப்பா இருக்கும்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டால், அப்பா அடுத்த நிமிஷமே நம்பரைச் சொல்லிவிடுவார். இருபது வருஷம் ஆகியிருந்தாலும் நம்பர் மறந்திருக்காது.

அந்த நம்பரை வைத்துக்கொண்டு காரைக் கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்தால் ரோட்டில் ஓட்ட முடியுமா? பெரும்பாலானோர் நினைப்பது, "இன்ஜின் ஓடுனா போதும், மத்ததைப் பார்த்துக்கலாம்" என்று. நடைமுறையில் கதை தலைகீழ். இன்ஜினைத்தான் கடைசியில் எப்படியாவது சரிசெய்துவிடலாம். ஒரு பழைய காரின் தலையெழுத்தை முடிவு செய்வது இரண்டு விஷயங்கள்: ஒன்று ஆர்.சி., இன்னொன்று அடிப்பக்கத்துத் துரு.

முதல் மாருதிக்கு என்ன ஆச்சு?

1983 டிசம்பர் 14. இந்தியாவின் முதல் மாருதி 800-ன் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரான அவர் குலுக்கலில் தேர்வானவர். டி.ஐ.ஏ. 6479 என்ற அந்தக் காரை 2010-ல் இறக்கும்வரை அவர் விற்கவே இல்லை.

அவருக்குப் பிறகு கார் வீட்டு வாசலிலேயே நின்றது. வெயில், மழை, தூசி. நாட்டின் கார் வரலாற்றையே மாற்றிய வண்டி துருப்பிடித்து நிற்கும் படங்கள் பத்திரிகைகளிலும் இணையத்திலும் பரவின. பின்னர் நிறுவனமே அதை எடுத்து, பழைய வடிவத்துக்கே மீட்டெடுத்துத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது.

இந்தக் கதையில் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. முதலாவது, அந்தக் காரைக் கெடுத்தது ஓட்டம் இல்லை, ஓடாமல் நின்றதுதான். இரண்டாவது, புதுசு போல ஆன பிறகும் அது காட்சிப்பொருளாகத்தான் இருக்க முடிகிறது. டெல்லி தலைநகர வட்டாரத்தில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளும், 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்தது. அதன்பின் வழக்குகளும் திருத்தங்களும் வந்தாலும், 1980-கள், 90-கள் கார்களுக்கு அங்கே கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்த மாதிரி வயது வரம்புத் தடை இல்லை. சொந்த உபயோகக் காரை, தகுதி இருக்கும்வரை புதுப்பித்துக்கொண்டே ஓட்டலாம். அதனால்தான் இங்கே மீட்புக்கு அர்த்தம் இருக்கிறது.

நம்பர் மட்டும்தான் இருக்கு, வண்டியை எப்படித் தேடுறது?

முதலில் வீட்டு பீரோவைத் திறக்க வேண்டும். பழைய இன்ஷூரன்ஸ் பேப்பர், சர்வீஸ் புக், லோன் கடிதம், ஆர்.சி. ஜெராக்ஸ் என எது கிடைத்தாலும் சரி. நம்பரைவிட முக்கியம் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும். இன்ஷூரன்ஸ் பேப்பரில் இரண்டும் இருக்கும். வெளிமாநிலம் போய் வண்டியின் பதிவு எண்ணே மாறியிருந்தாலும், சேஸிஸ் நம்பர் மாறாது. நாளைக்கு ஒரு காரைக் காட்டி "இதுதான் சார் உங்க வண்டி" என்று யாராவது சொன்னால், உறுதிசெய்ய அதுதான் ஒரே வழி.

அடுத்து, மத்திய அரசின் 'எம்-பரிவாகன்' ஆப், 'வாகன்' தளம். பதிவு எண்ணைக் கொடுத்தால் எந்த ஆர்.டி.ஓ., பதிவு எப்போது முடிகிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் தெரியும். ஓனர் பெயர் மட்டும் பாதி எழுத்து மறைக்கப்பட்டு வரும். சமீபத்தில் இன்ஷூரன்ஸ் போடப்பட்டிருந்தால் நல்ல செய்தி. வண்டி எங்கேயோ உயிரோடு ஓடுகிறது.

எண்ணைப் போட்டும் எதுவும் வரவில்லையா? உடனே கை கழுவ வேண்டாம். 1989 ஜூலையில் இப்போதைய டிஎன்-01 மாதிரி எண்கள் வருவதற்கு முன்பு மூன்றெழுத்துத் தொடர்கள் இருந்தன. அந்தக் காலத்து ஆர்.சி. புத்தகங்களில் பல, கம்ப்யூட்டரில் ஏற்றப்படாமலே இருக்கின்றன. பழைய ஆர்.சி. கையில் இருந்தால், பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஏற்றச் சொல்லி மனுக் கொடுக்கலாம்.

இப்போதைய ஓனரின் முகவரியை ஆர்.டி.ஓ. அலுவலகம் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்காது. அது இன்னொருவரின் தனிப்பட்ட தகவல். தகவல் உரிமைச் சட்டத்திலும் அதற்கு விலக்கு உண்டு. "ஐநூறு ரூபாய் குடுங்க, அட்ரஸ் எடுத்துத் தர்றேன்" என்று வருகிறவர்களிடம் சிக்க வேண்டாம். நடைமுறையில் கைகொடுப்பது மனுஷச் சங்கிலிதான்: அப்பா யாரிடம் விற்றார், இடையில் இருந்த புரோக்கர் யார், அந்த ஊரில் அந்த மாடலுக்கு வேலை பார்க்கும் பழைய மெக்கானிக் யார். சின்ன ஊர்களில் ஒரு மெக்கானிக்குக் காரின் நிறத்தையும் நம்பரையும் சொன்னாலே, "அது இப்ப வாத்தியார் வீட்ல நிக்குதுங்க" என்று பதில் வந்துவிடுவது உண்டு.

தேடும்போது வரும் அதிர்ச்சி: வண்டி இன்னும் அப்பா பேர்லயே இருக்கு!

இது அரிதாக நடப்பதில்லை. விற்றவர் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டி, அப்படியே இன்னொருவருக்குக் கைமாற்றியிருப்பார். 'ஓப்பன் பேப்பர்' என்று சந்தையில் சொல்வது இதைத்தான். சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தகவல் தர வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும்.

பெயர் மாறாமல் இருந்தால் விபத்துப் பொறுப்பு யாருக்கு? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் ஓனர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கார் பல கை மாறியிருந்தாலும் இழப்பீட்டு வழக்கு பதிவில் உள்ள ஓனர் வீட்டுக்குத்தான் வரும். ஆக, முதல் காரைத் தேடும் எண்ணமே இல்லாதவர்களும், விற்ற வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கார் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் வைத்துப் படிவம் 31 மூலம் பெயர் மாற்ற வேண்டும். அந்தக் காலத்தில் லோனில் வாங்கிய கார் என்றால் இன்னொரு முடிச்சு இருக்கும். கடன் கட்டி முடித்திருந்தாலும், ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே கிடக்கும். எச்.பி. கேன்சல் செய்ய அந்த நிறுவனத்தின் கடிதமும் படிவம் 35-ம் தேவை. நிறுவனம் இன்னொன்றோடு இணைந்திருந்தாலோ மூடப்பட்டிருந்தாலோ அலைச்சல் அதிகம். காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

இப்போதைய ஓனர்கிட்ட எப்படிப் பேசுறது?

"இது எங்க அப்பாவோட முதல் கார்ணே, குடுப்பீங்களா?" என்று கேட்டால் விலை ஏறிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். ஏறலாம்தான். ஆனால் உண்மையைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கிற சில விஷயங்கள் பேரம் பேசினால் கிடைக்காது: இடையில் இன்ஜின் மாற்றினார்களா, எப்போது அடிபட்டது, பழைய ஆர்.சி. புத்தகம் எங்கே என்பதெல்லாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவருக்கும் அதுதான் முதல் காராக இருக்கலாம். அவர் பிள்ளைகளும் அதே பின்சீட்டில் வளர்ந்திருக்கலாம். "இப்ப வேணாம், விக்கிறப்ப எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வருவதும் ஒரு வெற்றிதான்.

பேச்சு முடிந்தால் சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, பென்சிலால் தேய்த்துப் பேப்பரில் அச்சு எடுத்துக்கொள்ள வேண்டும். காரை ஓட்டிக்கொண்டு வர ஆசை வரும். பதிவோ இன்ஷூரன்ஸோ காலாவதி என்றால் அந்த ஆசை வேண்டாம். டோ வண்டியில் ஏற்றி வருவதுதான் சட்டத்துக்கும் காருக்கும் நல்லது.

ஆர்.சி. முடிஞ்சிருந்தா என்ன செலவு?

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்ட வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நம்ம ஊர் பாஷையில் பிரேக் இன்ஸ்பெக்டர், பார்த்துச் சரி என்றால்தான் புதுப்பிப்பு.

இந்தக் கட்டணம் சில ஆண்டுகளில் வேகமாக ஏறியிருக்கிறது. 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய். ஜி.எஸ்.டி., மாநிலப் பசுமை வரி இவையெல்லாம் தனி. காலம் தாழ்த்தினால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் என்பது விதி, ஓராண்டுக்கு 6,000. பல ஆண்டு முடங்கிக் கிடந்த வண்டிக்கு மொத்தம் எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு விலை பேச வேண்டும்.

பதிவு ரத்தாகிவிட்ட வண்டி, அல்லது அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிராப் மையத்தில் ஒப்படைக்கப்பட்ட வண்டி என்றால் அதோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம். அதை மீண்டும் ரோட்டுக்குக் கொண்டுவரும் பேச்சுக்கே இடமில்லை.

வின்டேஜ்னு பதிவு பண்ணிட்டா இந்தத் தொல்லை இல்லையே?

பலரும் கேட்கும் கேள்வி. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள்தான் வின்டேஜ். புதிய வின்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அடுத்த புதுப்பிப்புக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து வரும். ஆனால் அந்தக் காரில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குக் கொண்டுபோவது போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் அனுமதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதன்முதலில் வந்த மாருதி 800-க்கே 50 வயது 2033 டிசம்பரில்தான் ஆகும். 1995-ல் வாங்கிய காருக்கு 2045-ல். அதுவரை அந்தக் கார் சட்டத்தின் பார்வையில் வெறும் பழைய வண்டி. 2025-ல் தொடங்கி 2030, 2035, 2040 என நான்கு முறை புதுப்பிக்க வேண்டும். இன்றைய கட்டணத்திலேயே 40,000 ரூபாய், வரிகள் தனி.

நம் வீடுகளின் முதல் கார்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பாரம்பரியம் என்று சொல்ல வயது போதவில்லை. ஸ்கிராப்புக்குப் போட வயது போதும். 50-ஐத் தொடும்வரை யாராவது ஒருவர் விடாமல் ஆர்.சி.யைப் புதுப்பித்து வந்தால்தான் அது தப்பிக்கும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருந்தால்தான் வின்டேஜ் பதிவு. இன்று ஆசைக்கு வேறு இன்ஜின் வைத்தால், நாளை அந்தக் கதவு மூடிவிடும்.

வண்டியைப் பார்க்கப் போறப்ப எதைப் பார்க்கணும்?

பெயின்ட்டைப் பார்த்து மயங்கக் கூடாது. மாருதி 800-க்குத் தனியாக ஃபிரேம் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. சக்கரம், சஸ்பென்ஷன், இன்ஜின் எல்லாம் அந்தத் தகட்டில்தான் தொங்குகின்றன. தகடு அரித்துப்போனால் காரின் பலமே போய்விடும்.

கையில் இரண்டு பொருள் போதும்: ஒரு டார்ச், துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம். காந்தம் இரும்பில் பிடிக்கும். பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் வழுக்கும். கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவு, ரன்னிங் போர்டு, பேட்டரி உட்காரும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிறகு தரைவிரிப்பைத் தூக்கிப் ஃப்ளோரைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அமுங்கினால், அங்கே இருப்பது இரும்பு இல்லை.

முன் சஸ்பென்ஷன் மேலே வந்து மாட்டும் இடம்தான் ரொம்ப முக்கியம். அங்கே வெடிப்போ ஆழமான துருவோ இருந்தால் நல்ல டிங்கர் ஒருவரின் யோசனை கேட்காமல் வாங்கக் கூடாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளில் உப்புக்காற்று துருவை வேகப்படுத்தியிருக்கும். உள்மாவட்டத்தில் கூரைக்கடியில் நின்ற வண்டி, பார்க்க மங்கலாக இருந்தாலும், உள்ளே திடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பல வருஷம் நின்ன இன்ஜினை ஸ்டார்ட் பண்ணலாமா?

புது பேட்டரி மாட்டி உடனே சாவி திருப்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உள்ளே சிலிண்டர் காய்ந்து, ரிங் ஒட்டியிருந்தால், அந்த ஒரு திருப்பலில் சிலிண்டர் சுவரில் கோடு விழலாம்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒன்றிரண்டு நாள் ஊறவிட வேண்டும். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். லேசாகச் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. சுற்றவில்லை என்றால் பலம் போடாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். பழைய ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் வடித்துவிட்டுப் புதிது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் உள்ளேயே துருப்பிடித்த வீல் சிலிண்டர்கள் அழுத்தும்போது ஏமாற்றிவிடும். டைமிங் பெல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றியாக வேண்டும்.

டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டர் ஜெட்டுகளை அடைத்திருக்கும். கழற்றி, சுத்தம் செய்து, புது கிட் போட வேண்டும். இன்னொன்று, இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், டயஃப்ரம் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ்களாக மாற்றிவிட்டு, கசிவு இருக்கிறதா என்று முதல் சில வாரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அலட்சியம் காட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து.

டயரில் கட்டை நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்தால் தயாரித்த வாரமும் வருஷமும் தெரியும். 0812 என்றால் 2012-ன் எட்டாவது வாரம். காய்ந்து கெட்டியான ரப்பர் பிரேக் பிடிக்கும்போது கைவிட்டுவிடும்.

ரெஸ்டோரேஷன்னா என்ன செய்வாங்க?

பட்டறையில் பேசும் முன் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓடவைப்பது ரிப்பேர். டிங்கரிங், பெயின்ட், சீட் எல்லாம் மாற்றிப் பார்க்க நன்றாக ஆக்குவது ரீ-கண்டிஷன். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புவதுதான் ரெஸ்டோரேஷன். "நல்லா பண்ணிக் குடுங்க" என்று மட்டும் சொன்னால், ஓனர் மனதில் மூன்றாவது இருக்கும். பட்டறைக்காரர் மனதில் இரண்டாவது இருக்கும். பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

வேலையின் வரிசை இப்படி: முதலில் கழற்றுவது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போன் எடுத்து நாலு கோணத்தில் போட்டோ, போல்ட்டுகளைத் தனித்தனி ஜிப் கவரில் போட்டுப் பெயர் எழுதுவது. ஆறு மாதம் கழித்துத் திரும்ப மாட்டும்போது அந்தப் போட்டோதான் வாத்தியார்.

அடுத்து துரு. மேலே தேய்த்துப் பெயின்ட் அடிப்பதில் பலனில்லை. அரித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வெல்டிங் செய்து, ப்ரைமர் அடித்து, அடிப்பக்கத்துக்கு அண்டர்கோட்டிங் கொடுக்க வேண்டும். கதவுக்கடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகளைப் பட்டியால் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைத்தால் இரண்டு மழையில் துரு திரும்ப வரும். ப்ரைமர் அடிக்கும் முன் நேரில் போய் வெறும் இரும்பைப் பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

பிறகு பெயின்ட். அசல் நிறத்தை எரிபொருள் மூடியின் உட்புறம், டேஷ்போர்டுக்குக் கீழ், கதவு ரப்பருக்கு அடியில் வெயில் படாத இடங்களில் பார்க்கலாம். வேறு நிறம் அடிக்க ஆசைப்பட்டால் ஆர்.சி.யிலும் அதைப் பதிய வேண்டும். கடைசியாக இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன், வயரிங், சீட். எலி கடித்த வயரிங்கை அங்கங்கே டேப் சுற்றி ஒட்டுவதைவிட முழு கிட் மாற்றுவது பாதுகாப்பு.

ஸ்பேர் கிடைக்குமா?

எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. மாருதி 800 ஓனர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1983 முதல் 2014 ஜனவரி வரை 25 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின்தான் ஆம்னியிலும் ஓடியது. ஆம்னி 2019 வரை தயாரானதால் பிஸ்டன் ரிங், கேஸ்கெட், கிளட்ச் போன்றவை இன்னும் சந்தையில் புழங்குகின்றன. 12 அங்குல டயரும் கிடைக்கும். சிரமம் வருவது 1986-க்கு முன் வந்த பழைய வடிவத்துக்குத்தான். அதன் விளக்குகள், கிரில், உள்ளலங்காரப் பாகங்கள் அரிது.

அம்பாசடருக்கும் ஆள் இருக்கிறார்கள். சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் ஹெரால்டு, கெசல் போன்ற கார்களுக்குத்தான் தேடல் அதிகம். அங்கே புதுப் பாகம் வாங்குவதைவிட, லேத்தில் கடைந்து செய்வதும் இன்னொரு பழைய காரிலிருந்து எடுப்பதும்தான் வழி.

சென்னையில் பழைய பாகம் என்றால் புதுப்பேட்டை, புதுப் பாகம் என்றால் ஜி.பி. ரோடு. எங்கே வாங்கினாலும் பில் வாங்க வேண்டும். குறிப்பாக இன்ஜின் பிளாக் மாதிரி நம்பர் உள்ள பாகத்துக்குப் பில் இல்லாவிட்டால், அது திருட்டு வண்டியிலிருந்து வந்ததா என்ற கேள்வி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரும்.

காசு திரும்ப வருமா?

வராது. இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். முழு ரெஸ்டோரேஷனுக்கு ஆகும் செலவு, அந்தக் காரின் சந்தை விலையைத் தாண்டிவிடும். அதில் பெரும்பங்கு போவது டிங்கரிங், பெயின்ட்டுக்கு, இன்ஜினுக்கு இல்லை. இன்ஷூரன்ஸிலும், இவ்வளவு பழைய காருக்கான மதிப்பு ஓனரும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான். பில்களும் போட்டோக்களும் இருந்தால் பேசுவதற்குத் தெம்பு.

பாதியில் நின்ற கார்கள்தான் பட்டறைகளின் பின்பக்கத்தில் அதிகம். கழற்றும்போது இருந்த உற்சாகம், மூன்றாவது பில் வரும்போது இருக்காது. முழுத் தொகையை அட்வான்ஸாகக் கொடுக்காமல் துரு வேலை, பெயின்ட், மெக்கானிக்கல் என்று கட்டம் கட்டமாகக் கொடுப்பது இரண்டு தரப்புக்கும் நல்லது. முதலில் பேசிய எஸ்டிமேட் ஏறும். கழற்றிய பிறகுதான் பாதி துரு கண்ணில் படும் என்பதால் அது பட்டறைக்காரரின் தப்பு மட்டும் இல்லை.

எப்போ கையை விட்டுடலாம்?

சேஸிஸ் நம்பர் பொறித்த தகடே அரித்துப்போய்ப் படிக்க முடியவில்லை, பதிவு ரத்து, சஸ்பென்ஷன் தாங்கும் இடங்கள் எல்லாமே போய்விட்டன என்றால் விட்டுவிடுவதுதான் நல்லது. அப்போது சிலருக்கு ஒரு குறுக்கு யோசனை வரும்: "அதே மாடல்ல இன்னொரு நல்ல கார் வாங்கி, நம்ம பழைய நம்பரைப் போட்டுக்கலாமே?" இது குற்றம். சேஸிஸ் நம்பரை வெட்டி இன்னொரு வண்டியில் ஒட்டுவது அதைவிடப் பெரிய குற்றம்.

அதே மாடல், அதே நிறத்தில் இன்னொரு காரை அதன் சொந்த நம்பரோடு வாங்கி வைத்துக்கொள்ளலாம். பழைய காரிலிருந்து ஸ்டீயரிங்கையோ கியர் நாபையோ மட்டும் ஓனரிடம் கேட்டு வாங்கி இதில் மாட்டலாம்.

மீட்ட காரைக் காப்பாற்றுவதற்குப் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. வாரம் ஒரு முறை இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாத காலத்து வண்டி என்பதால் வேகம் குறைவாக, இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் அடிப்பக்கத்தைக் கழுவிப் பார்க்க வேண்டும். பொல்யூஷன் சர்டிபிகேட், இன்ஷூரன்ஸ், ஆர்.சி. மூன்றின் கடைசித் தேதியையும் போன் காலண்டரில் போட்டுவைக்க வேண்டும். காரை நல்லபடியாக வைத்திருந்த பல குடும்பங்கள் கோட்டைவிட்டது இந்தக் கடைசித் தேதியில்தான்.